மூளைக்கு வைத்த பொட்டு

புதுக் கணினி கொதிக்கிறது என்று சஞ்சீவனி சொன்ன அன்றைக்குத்தான் மோகனராஜுக்குச் சோறு சரியாக இறங்கியது. அதற்கு முந்தின நாட்களில் எதை வாயில் வைத்தாலும் மண்ணைத் தின்பது போல இருந்தது. அன்று பருப்பு அடிப்பிடித்திருந்தும் குறை சொல்லவில்லை. இரண்டாம் முறையும் தட்டை நீட்டினான். மனைவி முகம் வாடி நிற்கும்போது ஒருவன் இப்படி ரசித்துச் சாப்பிடுவது முறையா என்று கேட்டால், முறையில்லைதான். வயிற்றெரிச்சல் பிடித்தவன் முறை பார்த்தா சாப்பிடுவான்?

சும்மா கிடக்கும்போதே எழுபத்தைந்து பாகை காட்டுகிறதாம். வீடியோ ஒன்றைத் திறந்து வேலையைத் தொடங்கினால் விறுவிறுவென்று ஏறி நூறைத் தொடுகிறதாம். தொட்ட கையோடு தானே அணைந்தும் விடுகிறதாம். அவள் சொல்லச் சொல்ல அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "அப்படியா?" என்று மட்டும் கேட்டான். குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்ததும் இருமி மறைத்துக்கொண்டான்.

மோகனராஜ் ஒன்றும் கணினி தெரியாத ஆள் இல்லை. கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில், துணிக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே மாடியில் இருக்கிறது அவனுடைய கணினிக் கடை. கல்யாணத்துக்கு முன்பே திறந்தது. அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே பூட்டிய எந்தக் கணினியும் முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு இல்லாமல் படியிறங்காது. பௌத்தப் பன்சலைக்குப் போன கணினிக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்பினான், பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனதற்கும் வைத்துத்தான் அனுப்பினான். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சிலர் அந்தப் பொட்டு உதிர்ந்துவிடக் கூடாது என்று துடைக்கும்போது சுற்றித் துடைப்பார்கள்.

வாடிக்கையாளர்கள் முன்னால் அவனுக்கு ஒரு பேச்சும் உண்டு. புரொசசரை விரல் நுனியில் ஏந்தி, அதன் வெள்ளி நிற மூடி வெளிச்சத்தில் மின்னும்படி பிடித்து, "இதுதாங்க மூளை. மத்ததெல்லாம் கை காலு" என்பான். கல்யாணமான புதிதில் சஞ்சீவனியைக் கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்கும் அப்படியே காட்டினான். அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கொஞ்சக் காலம் மிதந்துகொண்டிருந்தான்.

அந்தச் சஞ்சீவனிதான் இப்போது கட்டுகஸ்தோட்டை வீட்டில் இருந்தபடி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கிறாள். அவளிடம் இருந்த கணினி, மற்றவர்கள் கழித்துவிட்ட பாகங்களை வைத்து மோகனராஜ் பூட்டிக் கொடுத்தது. மணப்பெண் தாலிக்குக் குனியும் இடத்தில் சரியாகப் படம் உறைந்து நிற்கும். நல்லதாக ஒன்று வேண்டும் என்று அவள் கேட்பாள். பொங்கலுக்குப் பார்ப்போம் என்பான். பொங்கல் போகும். சித்திரைக்குப் பார்ப்போம் என்பான். சித்திரையும் போகும். பிறகு, உன் வேலைக்கு இது போதாதா என்று ஒரு நாள் கேட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தியது அவனுக்கு வசதியாக இருந்ததே தவிர, உறுத்தவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், கூடம் நிறையப் பெட்டிகளைக் கண்டான். எல்லாம் கொழும்பிலிருந்து வந்த பாகங்கள். சீட்டு விழுந்ததாகவும், நாவலப்பிட்டி நிரோஷன் எதை எதை வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததாகவும், வெள்ளிக்கிழமை தானே பூட்டப்போவதாகவும் அவள் சொன்னாள்.

நிரோஷன் என்ற பெயரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது. அந்தப் பையன், பையன் என்ன, முப்பதை நெருங்கிவிட்ட ஆள், நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு கணினி பூட்டுவது எப்படி என்று தமிழில் வீடியோ போடுகிறவன். மோகனராஜின் கடைக்கு வருகிறவர்களே இப்போதெல்லாம் நிரோஷன் அப்படிச் சொன்னாரே, இப்படிச் சொன்னாரே என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். கடைக்குள் கேட்ட பெயர் இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"நமக்குன்னு ஒரு கடை இருக்குல்ல?" என்று கேட்டான்.

"உங்ககிட்ட கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சிருச்சுங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பான். அவள் பெட்டியின் ஒட்டுத் தாளைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவன் கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அறை வாசலில் கதிரையைப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டான். அவள் குளித்து, விளக்கேற்றி, மேசைமேல் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். நிரோஷன் போனில் வீடியோ வழியாகப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன் முக்கியமான வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். போனோ வரவில்லை.

அவளே புரொசசரை எடுத்தாள். மோகனராஜ் பேப்பருக்கு மேலால் பார்த்தான். மூலையைத் தப்பாகத் திருப்புவாள், ஊசிகளை வளைப்பாள், கூப்பிடுவாள் என்று காத்திருந்தான். அவள் முக்கோண அடையாளத்தைப் பார்த்து, பூவை வைப்பது போல வைத்து, நெம்புகோலை அழுத்திப் பூட்டினாள். ஒரு பிழை இல்லை. அவனுடைய கடையில் வேலைக்கு வந்த எவனும் முதல் தடவையிலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. வேறொருவன் என்றால் பெருமைப்பட்டிருப்பான். இவனுக்குக் காது மடல்தான் சூடேறியது.

போன் இன்னும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் சாமி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தாள். மின்சாரம் கொடுக்கும் பாகத்துக்கு ஒன்று. பிறகு விரலில் சந்தனத்தோடு ஒரு கணம் யோசித்தாள். மூளைதானே முக்கியம், அதற்கல்லவா முதலில் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, அந்த வெள்ளி மூடியின் நட்டநடுவில், ஒரு குழந்தையின் நெற்றியில் வைப்பது போலத் தடிப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

மோகனராஜ் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அந்த மூடியின் மேல்தான் சூட்டை இழுக்கும் கூலர் உட்கார வேண்டும். இடையில் சூட்டைக் கடத்தும் மெல்லிய பேஸ்ட் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சந்தனம் காய்ந்து கட்டியானால் கூலர் படியாது, சூடு மேலே ஏறாது. அங்கே வைக்காதே என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சொல்லுங்க தம்பி" என்று அவள் எடுத்தாள். மறுபக்கம் அவன் என்ன சொன்னானோ, கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை மோகனராஜ் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அவள் இன்னும் அப்படிச் சிரிப்பாள் என்பதையே அவன் மறந்திருந்தான். தன்னிடம் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்திருந்த ஒன்றை, நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தனுக்கு அள்ளிக் கொடுக்கிறாள்.

அவன் திரும்பவும் உட்கார்ந்தான். சொல்லட்டுமே, அவளுடைய வாத்தியார் சொல்லட்டுமே என்று பேப்பரைத் தூக்கிப் பிடித்தான்.

வாத்தியார் சொல்லவில்லை. போனைப் பெட்டியில் சாய்த்து நிறுத்துவதற்குள் அவள் பொட்டின் மேலேயே பேஸ்டைப் பிதுக்கிவிட்டாள். பேஸ்ட் வைத்தாயிற்றா என்று நிரோஷன் கேட்டான், வைத்தாயிற்று என்றாள். அப்படியென்றால் கூலரைப் பூட்டுங்கள் அக்கா என்றான். நான்கு ஆணிகளும் உள்ளே இறங்கின. தம்புள்ளையில் போஞ்சி என்ன விலை என்ற செய்தியை மோகனராஜ் மூன்றாம் தடவையாக வாசித்தான்.

விளக்குகள் எரிந்து கணினி உயிர் பெற்றதும் அவள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். நானே பூட்டினது, பாருங்க என்றாள். அவன் "ம்" என்றான். அவள் கையை விட்டுவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்துதான் சூடு.

அவன் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அவள் வந்து, என்னங்க, கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்க வேண்டும். அவ்வளவு போதும். கேட்டால் அந்த நிமிடமே செய்து கொடுப்பான். திங்கட்கிழமை கடையிலிருந்து வரும்போதே பஞ்சு, ஸ்பிரிட் குப்பி, புது பேஸ்ட் குழாய் மூன்றையும் தோள்பையின் பக்கப் பையில் போட்டு வைத்திருந்தான். யாரும் என்னைக் கேட்கவில்லையே, கேட்காமல் எப்படி மூக்கை நுழைப்பது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். அந்த நியாயத்தை அவனே நம்பியதுதான் வேடிக்கை.

அவள் அவனைக் கேட்கவில்லை. நாவலப்பிட்டியைக் கேட்டாள்.

முதலில் அளவீடே பொய்யாக இருக்கலாம் என்றான் நிரோஷன். வேறொரு மென்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். அது நாற்பது என்றது, முதலாவது தொண்ணூற்றெட்டு என்றது. எதை நம்புவது என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது காட்டியது மதர்போர்டின் சூடு, புரொசசரின் சூடு இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு பொழுது போனது. மோகனராஜ் அதைக் குசினியில் தண்ணீர் குடிக்கும்போதே காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டான். சொல்லவில்லை.

பிறகு நிரோஷன் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் தொட்டாள். "சூடே இல்லையே தம்பி, குளுந்துபோய்க் கெடக்கு" என்றாள். உள்ளே நூறு பாகை கொதித்தால் தகடு எப்படிக் குளிர்ந்து கிடக்கும், அப்படியானால் சென்சர்தான் பிழை என்று நிரோஷன் முடிவு கட்டினான். போர்டின் உள் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னான். குசினியில் நின்ற மோகனராஜ் சிரிப்பை அடக்கத் தேங்காய்த் துருவலை வாயில் போட்டுக்கொண்டான். தகடு குளிர்ந்து கிடப்பதுதானடா நோயே! சூடு மேலே ஏறி வந்தால்தானே தகடு சுடும்? இதுகூடத் தெரியாதவனுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள்.

உள் மென்பொருளைப் புதுப்பித்தும் சூடு குறையவில்லை. அவள் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்தாள். படுக்கையறை மின்விசிறியைத் தூக்கிவந்து அதன் முன்னால் நிறுத்தினாள். மோகனராஜ் வியர்த்துக்கொண்டு படுத்தான். அப்படி வியர்த்ததிலும் ஒரு சுகம் இருந்தது.

விளையாட்டு வினையாகத் தொடங்கியது வியாழக்கிழமை சாயந்திரம். பிலிமத்தலாவையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹபீல் போன் செய்தார். தெல்தெனியவில் நடந்த ஒரு பெரிய கல்யாணத்தின் வீடியோவை அவர்தான் சஞ்சீவனியிடம் கொடுத்திருந்தார். முதல் வேலை. அது சரியாக வந்தால் இனி ஸ்டூடியோவின் எடிட்டிங் முழுவதும் அவளுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் அவள் சீட்டுக் காசு முழுவதையும் இந்தப் பெட்டிக்குள் இறக்கினாள்.

ஹபீல் நல்ல மனிதர், கத்துகிற ஆள் இல்லை. "தங்கச்சி, ஞாயித்துக்கெழம மாப்புள வீட்டாக்கள் வாராங்க. ஒங்களுக்கு ஏலாட்டி இப்பவே சொல்லிருங்க, நான் டவுன்ல வேற ஆள்கிட்ட குடுக்குறேன்" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் மோகனராஜுக்கும் கேட்டது. ஏலும் ஹபீல் நானா, கட்டாயம் தாரேன் என்று சொல்லி அவள் போனை வைத்தாள். பிறகு கணினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையில் இருந்த ஆணி ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளை அப்படிப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. போதும், சொல்லிவிடுவோம் என்று நினைத்தான். அருகே போய், "சஞ்சி, அந்தக் கூலர்..." என்று தொடங்கினான்.

"நிரோஷன் தம்பி சனிக்கிழம நேர்லயே வாரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் அவள். "பாவம், இதுக்காக நாவலப்பிட்டியிலருந்து வாராரு."

பாவமாம். வியர்த்துக்கொண்டு படுத்தவன் பாவமில்லை, பஸ் ஏறி வருகிறவன் பாவம். மோகனராஜ் தொடங்கிய வார்த்தையை விழுங்கிவிட்டுக் குளிக்கப் போனான்.

ஆனால் குளிக்கும்போதே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் வந்தால் கூலரைக் கழற்றாமல் போவானா? கழற்றினால் பொட்டு தெரியும். தெரிந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வீட்டில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என் பெண்டாட்டியைக் கரையேற்றிய பெருமையோடு பஸ் ஏறுவான். அதை நினைக்கத் தலையில் ஊற்றிய தண்ணீர் கொதித்தது. அவளுடைய தவிப்புக்கு அசையாதவன் இதற்கு அசைந்தான். நிரோஷன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான்.

சனிக்கிழமை காலை அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் வந்தாள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றாள்.

"என்னங்க, கடைக்குப் போக முந்தி கொஞ்சம் பாக்குறீங்களா? அந்தத் தம்பி வந்து சேர மத்தியானமாகிரும். எனக்குப் பயமா இருக்கு."

ஒரு கிழமையாக அவன் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சரி, பார்ப்போமே என்று பையைத் தூக்கிக்கொண்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் நடப்பது போல மெல்ல நடந்து வந்தான்.

மின்சாரத்தை நிறுத்தினான். நான்கு ஆணிகளையும் மாறி மாறி இளக்கினான். கூலரைச் சற்றே திருகி மேலே தூக்கினான். வெள்ளி மூடியின் நடுவே பழுப்பேறிய ஒரு கட்டி, அதைச் சுற்றிப் பிதுங்கி ஒதுங்கிய சாம்பல் நிறப் பேஸ்ட்.

சஞ்சீவனி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் வச்ச பொட்டுங்க அது!"

"பரவாயில்ல. தெரியாமத்தானே வச்ச" என்றான் பெரிய மனதோடு. நகத்தால் கட்டியைப் பெயர்த்தான். ஈரப் பஞ்சால் துடைத்தான், பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். மூடி கண்ணாடியாக மின்னியது. பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக் கூலரைத் திரும்பவும் பூட்டினான். கணினியைப் போட்டார்கள். முப்பத்தெட்டு. அவள் கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். நாற்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று. அங்கேயே நின்றது.

அவள் திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். முன்னொரு காலத்தில் கடையில் வைத்துப் பார்த்தாளே, அந்தப் பார்வை. "மொதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும். நான்தான் வீம்பு புடிச்சிட்டேன்" என்றாள். அவன் தோளில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்துவிட்டாள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று குசினிக்குப் போனாள். அப்போதே அவன் கடைக்குக் கிளம்பியிருந்தால் இந்தக் கதை நல்லபடியாக முடிந்திருக்கும்.

அவன் கிளம்பவில்லை. தோற்றவன் வந்து பார்க்க வேண்டாமா?

நிரோஷன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். கண்டிக்கு மரக்கறி ஏற்றி வந்த வேன் ஒன்றில் இடம் கிடைத்ததாம். ஒல்லியான ஆள், மழையில் நனைந்த பை, வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கவில்லை, மலர்ந்தது. அதுவே மோகனராஜுக்கு முதல் ஏமாற்றம். குனிந்து திரையைப் பார்த்தான், பெயர்த்துப் போட்டிருந்த சந்தனக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். தன்மேல்தான் சிரித்தான்.

"தகடு குளுந்து இருக்குன்னு அக்கா சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும் அண்ணே. நீங்க அதை வச்சுத்தானே புடிச்சீங்க?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தப்பித்துக்கொள்ள வழியை அந்த ஆளே திறந்துவிட்டான். ஆனால் தகட்டைத் தொடச் சொன்னது நிரோஷனுடைய யோசனை. அந்தப் பெருமையில் ஒரு பருக்கையைக்கூட அவனுக்குக் கொடுக்க மோகனராஜுக்கு மனம் வரவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தேவையில்ல" என்றான் காலை நீட்டி உட்கார்ந்து. "தகட்ட நான் தொடவேயில்ல. ரீடிங்கையும் பாக்கல. மெசினப் போட்டுக்கூடப் பாக்கல. நேரா கூலரைக் கழட்டினேன்."

நிரோஷனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்படி, எப்படி என்று உண்மையாகவே கற்றுக்கொள்ளும் ஆசையோடு கேட்டான். அனுபவம்தான் தம்பி என்றான் மோகனராஜ். இதை என் வீடியோவில் சொல்லட்டுமா அண்ணே, உங்கள் கடைப் பெயரையும் போட்டுவிடுகிறேன் என்று நிரோஷன் கேட்டான். தாராளமாகச் சொல்லு என்றான் இவன்.

சஞ்சீவனி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, அவன் கவனிக்கவில்லை. அவள் கண் மேசைமேல் இருந்தது. பஞ்சு, ஸ்பிரிட் குப்பி, பிதுக்கிய பேஸ்ட் குழாய். பிறகு அறை வாசலுக்குப் போனது. அங்கே அவனுடைய கதிரையும், அதன்மேல் மடித்த பேப்பரும் கிடந்தன.

"இதெல்லாம் எப்பங்க கடையிலருந்து கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்வி போலத்தான் இருந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதற்குள், "திங்கக்கெழம" என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பையை நிரோஷனிடம் கொடுத்தாள், ஒன்றை மோகனராஜின் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னைக்கு நீங்க அந்தக் கதிரையிலதான் உக்காந்திருந்தீங்க" என்றாள். "நான் பொட்டு வைக்கிறத பாத்தீங்கதானே?"

அவன் கோப்பையைப் பார்த்தான். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்ற பதில் தயாராகத்தான் இருந்தது. ஒரு கிழமை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பழகிய பதில். இப்போது அதை வெளியே எடுக்கக் கூசியது. நிரோஷன் தேத்தண்ணியில் ஏதோ மிதப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்காக மோகனராஜ் அவனை மேலும் வெறுத்தான். தன்னை வெறுக்க இன்னும் துணிவு வரவில்லை.

அவள் வீடியோ முழுதாக ஏற்றுமதியாகி முடியும்வரை திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். ஹபீலுக்குப் போன் செய்து, நானா, சாமான் ரெடி என்று சொன்னாள். அவர் சந்தோஷமாக ஏதோ சொன்னார், அவளும் சிரித்தாள். பிறகு கணினியை அணைத்து, மின்சாரத்தை நிறுத்தி, பக்கக் கதவைத் திரும்பவும் கழற்றினாள்.

"தம்பி, நீங்க போக முந்தி இந்தக் கூலரை எப்படிக் கழட்டிப் பூட்டுறதுன்னு ஒருக்கா காட்டித் தாங்க. நான் தெரிஞ்சு வச்சுக்கணும்."

நிரோஷன் சங்கடத்தோடு மோகனராஜைப் பார்த்தான். அண்ணன் இருக்காரே அக்கா என்று முணுமுணுத்தான்.

அவள் மோகனராஜின் பக்கம் கையை நீட்டினாள். "அந்த ஸ்குரு டிரைவரைக் குடுங்க."

கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நிரோஷன் எந்த ஆணியை முதலில் இளக்க வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான். அவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். ஓரிடத்தில் அவள் ஆணியைத் தப்பான பக்கம் திருகினாள். மோகனராஜ் அதைப் பார்த்தான். இந்தத் தடவை உடனே சொன்னான், அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று. அவள் நிமிரவில்லை. நிரோஷன் சொல்லும்வரை காத்திருந்து, பிறகு திருப்பினாள்.

அவனுடைய தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து வாசல் பக்கம் போய்க் கதிரையில் உட்கார்ந்தான். பேப்பர் அங்கேயே கிடந்தது. எடுத்து விரித்துக்கொண்டான். அன்று முழுவதும் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.